ஒரே பக்கத்தில் பல கர்சர்கள்

கட்டுரை நோட்டைத் திருத்துகிற வேலையில் ஒரு பழைய சங்கடம் உண்டு. மாணவர் எழுதுவது ஒரு நாள், ஆசிரியர் திருத்துவது இன்னொரு நாள், நோட்டு திரும்பிப் போவது அதற்கும் பிறகு. சிவப்பு மையில் நாம் வட்டமிட்ட வாக்கியத்தை ஏன் அப்படி எழுதினோம் என்பது அதற்குள் எழுதியவருக்கே மறந்துபோயிருக்கும். மதிப்பெண்ணைப் பார்ப்பார், நோட்டை மூடுவார். அவ்வளவுதான்.

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கிறவர்களுக்கு வகுப்பெடுப்பது என் வேலை. பதின்வயதுப் பிள்ளைகளும் வருகிறார்கள், வேலைக்குப் போகிற பெரியவர்களும் வருகிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுதத்தான் வராது என்ற ரகம் பாதி. எழுத்தையே புதிதாகப் பழகுகிறவர்கள் மீதி. சில ஆண்டுகளாக எழுத்துப் பயிற்சியில் பெரும்பகுதியை, எல்லோரும் சேர்ந்து எழுதுகிற இணைய ஆவணங்களில்தான் நடத்துகிறேன். நேரில் நடக்கும் வகுப்பிலும் அப்படித்தான். எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு ஒரே பக்கத்தில் எழுதுவார்கள்.

இதில் என்ன லாபம் என்று கேட்கிற சக ஆசிரியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மாணவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே பார்க்கலாம். மற்ற வசதிகள் எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

பூங்காவைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்ன ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்தில் ஒரு மாணவிக்கு ஒதுக்கிய கட்டத்தில் ‘பறவைகள் பறந்தார்கள்’ என்று விழுந்தது. கர்சர் நின்றது. கடைசிச் சொல் அழிந்து ‘பறந்தது’ என்று ஆனது. மறுபடியும் நின்றது. பிறகு ‘பறந்தன’. நோட்டில் எழுதியிருந்தால் எனக்குக் கிடைத்திருப்பது ‘பறந்தன’ மட்டும்தான். ஒரு டிக் போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். இங்கே மூன்று படியும் கண்ணில் பட்டது. பன்மை என்றாலே ‘ஆர்கள்’ போட்டுவிடுவது புதிதாக எழுதப் பழகுகிறவர்களிடம் அடிக்கடி பார்க்கிற பழக்கம். இரண்டாவதாக வந்தது வீட்டுப் பேச்சு. பேசும்போது நாம் ‘பறவைங்க பறந்துச்சு’ என்றுதானே சொல்கிறோம்? அங்கே அஃறிணைக்கு ஒருமை, பன்மை பார்ப்பதே இல்லை. மூன்றாவதுதான் பாடத்தில் படித்தது. ஆக, விதி அவளுக்குத் தெரிந்திருக்கிறது, கைக்கு வரத்தான் நேரமாகிறது. அவளிடம் போய் விதியை மறுபடி விளக்குவது வீண். அவளுக்கு வேண்டியது பயிற்சி.

அவளுக்கு அடுத்த கட்டத்தில் இருந்த பையன் ‘நாய்கள் ஓடினார்கள்’ என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டான். தயக்கமே இல்லை. அவனிடம் விதியே இன்னும் போய்ச் சேரவில்லை. ஒரே பிழைதான், ஆனால் இருவருக்கும் சொல்ல வேண்டியது வேறு வேறு. அது எனக்குத் தெரிந்தது கர்சர் நின்ற இடத்தைப் பார்த்துத்தான்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம். பெரும்பாலோர் கூகுள் டாக்ஸில்தான் தொடங்குகிறார்கள். ரைட்லி என்ற சிறு சேவையை 2006-இல் கூகுள் வாங்கியதிலிருந்து வளர்ந்தது அது. 2008-இல் வந்த ஈதர்பேட் என்ற இன்னொரு சேர்ந்தெழுதும் கருவி வேறு மாதிரி. அங்கே ஒவ்வொருவரும் எழுதியது அவரவர் நிறத்திலேயே பக்கத்தில் தங்கிவிடும். டாக்ஸில் நிறம் கர்சரோடு சரி. எந்த வரியை யார் எழுதினார் என்று பிறகு தேட, பழைய நிலைகளைச் சேமித்து வைத்திருக்கும் வெர்ஷன் ஹிஸ்டரிக்குள் போக வேண்டும். குழுவாக ஒரு பத்தியைக் கட்டச் சொல்லும்போது ஈதர்பேடின் நிறம் அருமையாக உதவுகிறது. ஒருவர் மட்டும் எழுதி மற்றவர்கள் வேடிக்கை பார்த்தால் பக்கம் முழுக்க ஒரே நிறம், யாரும் யாரையும் குற்றம் சொல்லவே தேவையில்லை. இன்னொரு வசதி, பொதுவாக லாகின் கேட்காது. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பல நாடுகளில் சொந்தமாக கூகுள் கணக்கு திறக்க முடியாது என்பதால், சிறியவர்களுக்கு இந்த மாதிரிக் கருவியோ பள்ளியே தருகிற கணக்கோதான் சரி. கமென்ட், டேபிள், திருத்த யோசனை போன்றவற்றில் டாக்ஸ் எங்கோ முன்னால் நிற்கிறது. நான் பெரும்பாலும் அதையே பயன்படுத்துகிறேன்.

இனி பக்கத்தின் அமைப்பு. வெற்றுப் பக்கத்தைத் திறந்து, லிங்க்கை அனுப்பி, ‘எல்லோரும் எழுதுங்கள்’ என்றால் அடுத்த நிமிடமே சந்தைக்கடைதான். ஒருவர் என்டர் தட்ட, இன்னொருவர் எழுதிக்கொண்டிருந்த வரி கீழே ஓடும். ஒருவர் வாக்கியத்துக்கு நடுவே மற்றவர் சொல் போய் உட்காரும். போனில் பார்க்கிறவருக்குத் தன் இடம் எங்கே என்றே தெரியாது. ஒரே நேரத்தில் 100 பேர் வரை திருத்தலாம் என்பது டாக்ஸின் கணக்கு. மொழி வகுப்புக்கு அந்த எண்ணால் பயனில்லை. கட்டம் போடாத பக்கத்தில் நாலைந்து பேருக்கு மேல் எழுதினாலே திணறல்தான்.

அதனால் எப்போதும் டேபிள். இடப்பக்கம் பெயர், நடுவில் எழுத அகலமான கட்டம், வலப்பக்கம் இன்னொருவர் குறிப்பெழுத ஒரு கட்டம். ஆளுக்கு ஒரு வரிசை. மேலே, வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டே வாக்கியத்தில். அதற்குக் கீழே நானே எழுதிய ஒரு மாதிரி வரிசை. அது இல்லாவிட்டால் ‘டீச்சர், முழு வாக்கியமா எழுதணுமா, சொல் மட்டும் போதுமா?’ என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். சொற்களஞ்சியப் பயிற்சிக்கு டாக்ஸைவிட கூகுளின் அட்டவணைக் கருவியான ஷீட்ஸ் நல்லது. அதில் குறிப்பிட்ட கட்டங்களை மற்றவர் தொட முடியாதபடி பூட்டி வைக்கலாம், டாக்ஸ் டேபிளில் அப்படி முடியாது. ஒரு பாடத்துக்கு ஒரு கோப்பு போதும். ஆண்டு முழுவதையும் ஒரே ஆவணத்தில் கீழே கீழே சேர்த்துக்கொண்டே போனால், பழைய போன்களில் அது திறப்பதற்குள் பாதி வகுப்பு போய்விடும்.

யாராவது மொத்தப் பக்கத்தையும் தேர்ந்தெடுத்து அழித்துவிடுவது எந்த வகுப்பிலும் ஒருமுறையாவது நடக்கும், பெரும்பாலும் கைதவறித்தான். பக்கத்தில் இருப்பவர்கள் பதறிப்போய் கன்ட்ரோல் இசட் அடித்தால் அது அவரவர் செய்த மாற்றத்தைத்தான் திருப்பும், அடுத்தவர் அழித்ததை மீட்காது. ‘எல்லோரும் கையை எடுங்க’ என்று சொல்லிவிட்டு வெர்ஷன் ஹிஸ்டரியில் முந்தைய நிலைக்குத் திரும்பினால் ஆயிற்று. இதை முதல் வகுப்பிலேயே வேண்டுமென்றே அழித்து, மீட்டுக் காட்டிவிடுகிறேன். பயம் தெளிந்துவிடும். அழித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்ற ஆசையும் அப்போதே தீர்ந்துவிடும்.

சேர்ந்து எழுதுவதில் எனக்கு அதிகம் பலன் தந்த பயிற்சி டிக்டோகிளாஸ். 1990 வாக்கில் மொழிக் கல்வியாளர் ரூத் வைன்ரிப் பரப்பிய முறை. ஆசிரியர் ஒரு சின்னப் பத்தியை இயல்பான வேகத்தில் இரண்டு முறை வாசிப்பார். கேட்கிறவர்கள் காதில் விழுந்த முக்கியச் சொற்களைக் குறித்துக்கொண்டு, பிறகு குழுவாக உட்கார்ந்து அந்தப் பத்தியை மறுபடி கட்டுவார்கள். சொல்லுக்குச் சொல் அதே மாதிரி வர வேண்டியதில்லை. பொருளும் இலக்கணமும் நின்றால் போதும். தாளில் செய்தால் நன்றாக எழுதுகிறவர் பேனாவைக் கைப்பற்றிவிடுவார். பகிர்வு ஆவணத்தில் மூவருக்கும் கர்சர் இருக்கிறது. வாதம் கமென்ட்டில் நடப்பதால் எனக்கும் தெரிகிறது.

‘மழைக்காலம் தொடங்கியதும் குளத்துக்குத் தவளைகள் வந்துவிடும்’ என்று ஒரு வரி வாசித்திருந்தேன். ஒரு குழுவில் பள்ளிப் பையன் ஒருவன், கல்லூரி மாணவி ஒருத்தி, வேலைக்குப் போகிற ஒருவர். அவர்கள் பக்கத்தில் ஓடிய கமென்ட்டை அப்படியே தருகிறேன்.

“மழைகாலமா மழைக்காலமா?”

“க் வரும்.”

“ஏன்கா?”

“வாய்விட்டுச் சொல்லிப் பாருடா. தானா வரும்.”

“சொன்னேன்கா. மழை... காலம்... வரலையே.”

“சேர்த்துச் சொல்லுடா!”

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு பெரியவர் எழுதினார்: “அப்படின்னா குளத்துக்கு தவளைன்னு இருக்கே, அங்கேயும் த் வரணும்ல தம்பி?”

நான்காம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும் என்பதை நான் அந்த வகுப்பில் நடத்தவே இல்லை. ஓரிடத்தில் காதில் விழுந்ததை இன்னோரிடத்தில் அவரே பொருத்திப் பார்த்துவிட்டார். குறுக்கிட்டு விளக்க எனக்குக் கை பரபரத்தது, ஆனால் பேசாமல் இருந்தேன். அடுத்த வகுப்பில் விதியைச் சொன்னபோது மூவரும் தலையாட்டியதில் ஒரு தோரணை இருந்தது. தெரிந்த விஷயத்தை இந்த டீச்சர் ஏன் இப்படி நீட்டுகிறார் என்கிற மாதிரி.

குழு என்றால் இரண்டு பேர் அல்லது மூன்று பேர். நான்கு பேர் ஆனால் ஒருவர் பார்வையாளர் ஆகிவிடுகிறார். இரண்டு பேர் இணைந்து எழுதும்போது கட்டுரை சின்னதாகிறது என்று முறையிடுகிறவர்கள் உண்டு. உண்மைதான், சின்னதாகத்தான் ஆகும். மொழிக் கல்வி ஆய்வாளர் நியோமி ஸ்டார்ச் 2005-இல் வெளியிட்ட ஆய்விலும் இணைந்து எழுதியவர்களின் கட்டுரைகள் தனியாக எழுதியவர்களுடையதைவிட நீளம் குறைந்தவையாகவும் இலக்கணத்தில் திருத்தமானவையாகவும் இருந்தன. ஒரு சொல்லை வைப்பதா வேண்டாமா என்று இரண்டு பேர் பேசினால் நேரம் அதில்தான் போகும். என் கணக்கில் அந்தப் பேச்சுதான் பாடம். நீளம் வேண்டுமென்றால் தனித்தனிக் கட்டுரை எழுதச் சொல்லலாம்; அதற்கு கூகுள் கிளாஸ்ரூமில் மாணவருக்கு ஒரு பிரதி என்று தானாகப் பிரித்துத் தருகிற வசதி இருக்கிறது.

திருத்தும் விதத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. டாக்ஸில் 2014-இல் வந்த சஜெஸ்டிங் மோட் ஆசிரியர்களுக்கு வரப்பிரசாதம் என்பார்கள். நாம் மாற்றுவது நிறத்தில் தெரியும், மூலமும் இருக்கும், மாணவர் டிக் அடித்தால் ஏற்றுக்கொள்ளப்படும். சிக்கல் அந்த டிக்கில்தான். படிக்காமலே வரிசையாக டிக் அடித்துவிட்டு ‘முடிச்சிட்டேன் டீச்சர்’ என்பார்கள். பக்கம் சுத்தமாக இருக்கும், தலைக்குள் எதுவும் போயிருக்காது. இலக்கணப் பிழைகளைத் திருத்திக் கொடுப்பதால் பயனே இல்லை என்று மொழிக் கல்வி ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் 1996-இல் எழுதிக் கிளப்பிய விவாதம் இன்னும் ஓயவில்லை. அவர் அளவுக்கு நான் போகமாட்டேன். ஆனால் விடையை நாமே எழுதிக் கொடுத்தால் அது நம்முடைய எழுத்துப் பயிற்சியாகத்தான் முடியும்.

எனவே நான் சரியான வடிவத்தை எழுதுவதில்லை. பிழை இருக்கும் சொல்லைத் தேர்ந்தெடுத்து கமென்ட்டில் ஒரு சொல் மட்டும்: ‘ஒற்று’, ‘திணை’, ‘காலம்’, ‘எழுத்து’. எழுதியவரே கண்டுபிடித்து மாற்ற வேண்டும். ஒரு பத்திக்கு மூன்று குறிப்புக்கு மேல் போடுவதில்லை. பக்கத்தின் ஓரம் முழுக்கக் கமென்ட் தொங்கினால் தன்னம்பிக்கை போய்விடும், அதோடு எது முக்கியமான பிழை என்பதும் தெரியாமல் போய்விடும். ஒருவர் நாலு பத்தியிலும் ர, ற இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டிருந்தால் அதை மட்டும் குறிப்பேன், மற்றவை இன்னொரு நாளைக்கு. மாற்றிய பிறகு கமென்ட்டை ரிசால்வ் செய்து மூடுவது நான், அவரல்ல. இந்த ஒரு விதியால் மேலோட்டமான திருத்தம் பாதி குறைந்துவிட்டது.

சஜெஸ்டிங் மோட் உண்மையில் உதவுவது மாணவர்களுக்கு இடையே. அடுத்தவர் எழுதியதை நேரடியாக மாற்றினால் சண்டை வரும். ‘யாரு என் வரியை அழிச்சது?’ என்ற குரல் எழும்பிய பிறகு இலக்கணம் யார் காதிலும் ஏறாது. அதனால் ஒருவரையொருவர் பார்க்கச் சொல்லும் நாளில் லிங்க்கின் அனுமதியை எடிட்டரிலிருந்து கமென்டருக்கு மாற்றிவிடுகிறேன். அப்போது யார் என்ன தட்டினாலும் அது யோசனையாக மட்டுமே விழும், மூலத்தில் ஒரு எழுத்தும் குறையாது. முடிந்ததும் எடிட்டருக்குத் திருப்பினால், எழுதியவர் உட்கார்ந்து எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்வார். தள்ளும்போது ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். நண்பன் தவறாகத் திருத்தியதைக் கண்டுபிடித்துத் தள்ளுவதில் பிள்ளைகளுக்கு இருக்கிற உற்சாகம் தனி.

எழுதும்போதே பார்க்கலாம் என்று ஆரம்பத்தில் புகழ்ந்தேன். பார்க்கப்படுகிறவர்களின் பக்கமும் இருக்கிறது. சிலருக்குக் கை ஓடாது. தன் பெயர் ஒட்டிய கர்சர் துடித்துக்கொண்டிருக்க, எல்லோரும் பார்க்க, தப்பும் தவறுமாகத் தட்டுவது பெரியவர்களுக்கு இன்னும் கூச்சம். அலுவலகத்தில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவர் இங்கே ‘போனேன்’ என்பதற்கு எந்த ன என்று தடுமாறுவதை மற்றவர் பார்க்க விரும்புவாரா? அவர்கள் போனில் வேறு இடத்தில் எழுதிக் கொண்டுவந்து பேஸ்ட் செய்யட்டும் என்று விட்டுவிடுகிறேன். லாகின் இல்லாமல் லிங்க் வழியாக வந்தால் டாக்ஸ் ஒவ்வொருவருக்கும் பெயரற்ற விலங்கு என்று ஒரு முகம் கொடுக்கும். கூச்சக்காரர்களுக்கு அந்த முகமூடி பிடித்திருக்கிறது. மதிப்பெண் இல்லாத பயிற்சிகளுக்கு மட்டும் அதை அனுமதிக்கிறேன். பின்னால் யார் என்று தேடினாலும் கிடைக்காது என்பதால் வம்புக்கும் அது வசதி.

பேஸ்ட் என்றதும் எல்லோருக்கும் ஒரே சந்தேகம் வரும். ஆம், மொழிபெயர்ப்புக் கருவியிலிருந்தும் ஏஐ-யிடமிருந்தும் வாங்கி ஒட்டுகிறார்கள். வெர்ஷன் ஹிஸ்டரியில் ஒரு பத்தி மெல்ல வளராமல் முழுசாக வந்து விழுந்திருக்கும். அதை வைத்துப் போலீஸ் வேலை பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை; கூச்சத்தால் வெளியே எழுதி ஒட்டியவரின் வரலாறும் அப்படியேதான் தெரியும். அந்தப் பத்தியிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, ‘இதை நேற்று நடந்த மாதிரி மாற்றிச் சொல்லுங்க’ என்று வாய்மொழியாகக் கேட்கிறேன். சொந்தமாக எழுதியவருக்குத் தடுமாறியாவது வந்துவிடும். குழு வேலைக்கு மதிப்பெண் போடும்போதும் இதுதான்: எத்தனை எழுத்து தட்டினார் என்று எண்ணாமல், அவர் எழுதாத வரி ஒன்றைக் காட்டி ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பேன். வாயால் சொல்லித் தந்து, தட்டுவதை மற்றவருக்கு விட்டவரும் அப்போது பிழைத்துக்கொள்வார்.

தமிழுக்கே உரிய தொல்லைகள் சில. முதலாவது கீபோர்டு. ஒருவர் தமிழ் எழுத்துகளையே நேரடியாகத் தட்டும் தமிழ்99, ஒருவர் ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாறும் ஒலிபெயர்ப்பு, ஒருவர் போனில் விரலால் வரைந்து எழுதுகிறார். எது வேண்டுமானாலும் சரி, ஆனால் முதல் சில வகுப்புகளைத் தட்டப் பழகவே ஒதுக்க வேண்டும். அந்த நாட்களில் இலக்கணம் பேசினால் எரிச்சல்தான் மிஞ்சும். ஒலிபெயர்ப்புக் கீபோர்டில் ஒரு கண்ணி இருக்கிறது. கற்பவர் ஏதோ தட்டுகிறார், அது ‘பள்ளி’, ‘பல்லி’ என்று வரிசையாகக் காட்டுகிறது, அவர் ஒன்றைத் தொடுகிறார். ல, ள, ழ வேறுபாடு அவருக்குத் தெரியுமா, கீபோர்டுக்குத் தெரியுமா என்பது நமக்குத் தெரியாது. தமிழ்99-இல் இந்த ஒளிவு மறைவு குறைவு, எந்த எழுத்து என்று தெரிந்தால்தான் தட்டவே முடியும். எப்படியானாலும் சொல்வதெழுதுதலை நான் தாளை விட்டு நகர்த்தவில்லை.

இரண்டாவது, சிவப்புக் கோடு. தமிழ்ச் சொல் உருபும் விகுதியும் ஏற்று நீள்வதால் சரியான சொல்லுக்குக் கீழேயும் கோடு விழும். அதை நம்பி நல்ல சொல்லைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, பெரியவர்கள் பழைய கோப்புகளிலிருந்து ஒட்டுகிற பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு. யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் பக்கத்தில் விழுவது வெறும் கிறுக்கல். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கூகுளின் குரல்வழித் தட்டச்சில் 2017-இலேயே தமிழ் வந்துவிட்டது. கதை சொல்லிப் பழக நன்றாக இருக்கிறது. உச்சரிப்பைச் சோதிக்க மட்டும் அதை நம்பாதீர்கள். நாம் ழகரத்தைக் கொன்று சொன்னாலும் இடம் பார்த்து அது ‘மழை’ என்றே எழுதிவிடும்.

வகுப்பு முடிந்ததும் செய்கிற வேலைகள் இரண்டு. அன்றைய நிலைக்கு ‘முதல் வரைவு’, ‘இரண்டாம் வரைவு’ என்று வெர்ஷனுக்குப் பெயர் சூட்டிவிடுகிறேன். பிற்பாடு ஒரு மாணவருக்கு அவர் வளர்ந்த கதையை அவர் எழுத்திலேயே காட்டலாம். அடுத்து, லிங்க்கை வியூவருக்கு, அதாவது பார்க்க மட்டும் முடிகிற நிலைக்கு, மாற்றிவிடுகிறேன். திருத்தும் அனுமதியோடு வெளியே சுற்றுகிற லிங்க் எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

பழைய ஆவணத்தை அடுத்த தொகுதி மாணவர்களுக்குப் பிழைப் பயிற்சியாகக் கொடுக்க நினைத்தால், மூலத்தில் பெயர்க் கட்டத்தை மட்டும் அழித்துவிட்டுத் திறந்துவிடாதீர்கள். வெர்ஷன் ஹிஸ்டரியில் எல்லோர் பெயரும் அப்படியே இருக்கும். ‘மேக் எ காப்பி’ கொடுத்தால் வரலாறு கூட வராது. கமென்ட்டுகளையும் சேர்க்கவா என்று கேட்கும் இடத்தில் டிக் இல்லாமல் பார்த்துக்கொண்டு, பெயர்க் கட்டங்களை நீக்கிவிட்டு, அந்தப் பிரதியைக் கொடுங்கள்.